அரசு ஒரு கரை, வர்த்தகம் ஒரு கரை

எங்கள் பத்து பாகாட்டில் அதிகாரத்தையும் வியாபாரத்தையும் தனித்தனிப் பிரதேசங்களில் குடியமர்த்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, ஜாலான் ரஹ்மாட் பக்கமாக நடந்து மளிகைச் சாமான் வாங்கி, வழியில் தேநீரும் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் இந்த ஊர் ஆற்றுமுகத்திலிருந்து ரப்பரும் கொப்பரையும் மூட்டை மூட்டையாகப் புறப்பட்டுப்போன காலத்தில், அவற்றுக்கு விலை சொன்ன கடைவீதி தெற்கே சிங்கப்பூரில் இருந்தபடியால், அந்த நகரத்தின் மத்திய பாகத்தை நாங்கள் ஒருவகையில் எங்கள் ஊர்க் கடைத்தெருவின் நீட்சியாகவே பாவித்து வந்திருக்கிறோம். இன்று நகரமே ஒரு தேசம். அங்கே போகக் கடவுச்சீட்டு வேண்டும். இருந்தும் அந்தப் பாவனை முற்றிலும் போய்விடவில்லை.

அங்கே அந்தப் பிரிவினை சிங்கப்பூர் ஆற்றினால் செய்யப்பட்டிருக்கிறது. வடகரையில் அரசாங்கம், தென்கரையில் பணம். இது தானாக அமைந்த ஏற்பாடு அன்று. அங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் திரும்பி வந்து பார்த்தபோது, தாம் அரசாங்கத்துக்கென்று ஒதுக்கச் சொன்ன வடகரையில் வியாபாரிகள் வீடும் கிடங்கும் கட்டிக்கொள்ள, தாம் பொறுப்பில் விட்டுச்சென்ற ஃபார்குவார் இடம் கொடுத்திருந்ததைக் கண்டு மிகுந்த கோபம் கொண்டு, அவர்களை அக்கரைக்குப் போகச் சொன்னார். அக்கரையோ சதுப்பு நிலம். அங்கே நின்ற ஒரு குன்றை வெட்டிச் சரித்து, அந்த மண்ணைக் கொண்டே சேற்றை மேடாக்கி, குன்று நின்ற இடத்தில் ஒரு சதுக்கத்தையும் அமைத்தார்கள். அந்தச் சதுக்கத்துக்குத்தான் 1858-இல் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆற்றுமுகத்தில் வடகரையில் குடியிருந்த ஜொகூர் மலாய்ப் பிரதானி தெமெங்கோங் அப்துல் ரஹ்மானையும் 1823-இல் தெலுக் பிளாங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பேரர் அபு பக்கார் ஜொகூரின் சுல்தானாகி, அவர் ஆட்சியில் 1890-களில் எங்கள் ஊர் பட்டணமாக உருப்பெற்றது என்பதை நினைக்கும்போது, அந்த வடகரையின் பசும்புல்லை ஒரு ஜொகூர்க்காரன் முழு மனத்தோடு ரசிப்பது சற்றுச் சிரமந்தான்.

இரு கரைகளையும் நிதானமாக நடந்து பார்ப்பவனுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். அதிகாரம் தன் கூட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வேறிடம் போய்விடுகிறது. பணமோ இடத்தை விடாமல் கூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறது. 1929-இல் எழுந்த நகர மண்டபமும் 1939-இல் எழுந்த உச்ச நீதிமன்றமும் 2015 முதல் ஓவியக்கூடமாகச் சேர்ந்து நிற்கின்றன. 1943-இல் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இந்த மண்டபத்தின் முன்புறத்து பாடாங் திடலில். 1945-இல் ஜப்பானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது இந்த மண்டபத்துக்குள்ளே. பழைய நாடாளுமன்றம் கலை அரங்கமாகிவிட்டது. சட்டம் செய்வோரும் தீர்ப்பு வழங்குவோரும் வெகுதூரம் போய்விடவில்லை. அருகிலேயே புதிய கட்டடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் தூண்களின் கம்பீரத்தை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

தென்கரையில் இந்தத் தாட்சண்யம் குறைவு. ஆற்றுமுகத்துத் தபால் நிலையம் ஹோட்டலாகி உயிர் பிழைத்தது. அது அரசாங்கம் கட்டியது என்பதை மறக்கலாகாது. ராஃபிள்ஸ் பிளேஸில் பேர்போன ஜான் லிட்டில் கடையின் முகப்பு இன்று எப்படி இருக்கிறது என்றால், நிலத்தடி ரயில் நிலையத்து வாயிலின் மேல் அதைப் போலச் செய்து வைத்த பிரதியாக இருக்கிறது. சுற்றிலும் 280 மீட்டர் உயரக் கோபுரங்கள்.

தமிழர் உழைப்பும் தமிழர் முதலும் இந்த இரண்டு கரைகளின் சுபாவத்துக்கேற்ப இரு விதமாக முடிந்திருக்கின்றன. வடகரையில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் கட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, காரைக்குடி வீட்டுச் சுவரைப் போல வழவழப்பாகத் தேய்த்த அந்தச் சென்னைப் பூச்சைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு 1850-இல் வந்துபோனதன் ஞாபகார்த்தமாக நிறுவிய கூர்ந்தூணில் தமிழிலும் ஒரு சாசனம் உண்டு. அது புகழும் பொருள் கட்டுப்பாடற்ற வர்த்தகம் என்பதும், வர்த்தகத்தின் புகழ்மொழி அரசாங்கத்தின் கரையில் நிற்கிறது என்பதும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கின்றன.

அந்த வர்த்தகத்தை மெய்யாகவே நடத்திய நகரத்தார் இருந்தது தென்கரை மார்க்கெட் தெருவில். நீண்ட கிட்டங்கிகளில் ஆளுக்கு ஒரு மேசையும் பெட்டியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வங்கிகள் திரும்பிப் பாராத கடைக்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் அவர்கள் கொடுத்த கடன் மலாயா நெடுகிலும் ஓடிற்று. நகர்ப் புனரமைப்பில் கிட்டங்கிகள் போயின. அத்தெருவில் 1984-இல் பல அடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்று வந்தது. அதையும் 2017-இல் மூடி இடித்துவிட்டு இன்னொரு கோபுரத்தை எழுப்பினார்கள். சாசனம் ஏதும் அங்கே என் கண்ணில் படவில்லை. கடன் கொடுத்தவனுக்குத் தூண் எழுப்பும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை போலும்.

நகரத்தார் தண்டாயுதபாணிக்கு 1859-இல் ஆலயம் எழுப்பிய டேங்க் ரோடு ஆற்றின் வடபுறத்தில் இருக்கிறது. ஆகவே அது மட்டுமாவது வடகரைத் தர்மப்படி பழைய கோலத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற வேண்டியதுதான். செட்டியார்கள் தங்கள் கரையின் வழக்கத்தை விடாமல் அதையும் பிரித்துவிட்டு, 1983-இல் புதிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்துவிட்டார்கள்.