வாடகை வீடும் வெள்ளையடிப்பும்

ஊரில் பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கேட்க ஆளில்லை. ஜேர்மனியில் வீடு மாறும்போது சுவரின் நிறத்துக்கும் கணக்குண்டு. வெள்ளையாக எடுத்த வீட்டைக் கடும் நிறத்தில் திருப்பிக் கொடுத்தால் நட்டஈடு கட்டவேண்டும் என்று சமஷ்டி நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பெயின்ற் அடிக்காத வீட்டை எவ்வித ஈடுமின்றி எடுத்தவரை, அச்சடித்த ஒப்பந்தத்தைக் காட்டி அடிக்கச் சொல்ல முடியாது என்பது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே குடிபுகும் அன்றே சுவர்களைப் படமெடுத்து, குறைகளைக் கையளிப்புப் பத்திரத்தில் எழுதுவியுங்கள்.

எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்கு மேலே விளக்குக்கரி, குசினியில் எண்ணெய்ப்பசை. அதன்மேல் நேரே அடித்தால் கறை மறுபடி தெரியும், பெயின்ற் உரியும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, உரிந்ததைச் சுரண்டி, கறை தடுக்கும் 'இசோலியர்பார்ப' பூசிக் காயவிட்ட பிறகே வெள்ளை. மூன்று மாத வாடகைவரை முற்பணம் கட்டியிருப்போம். இரண்டு நாள் வேலைக்குப் பஞ்சிப்பட்டு அதை இழக்கவேண்டாம்.