காயில் கட்டும் கடை

நம் வீட்டுக் கூரையில் தொங்கும் பழைய மின்விசிறியைப் போல், தன் அந்தரங்கத்தை எவருக்கும் ஒளிக்காத யந்திரம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. நடுவில் அசையாது நிற்கும் இரும்புத் தகடுகளின்மேல் செம்புக் கம்பிச் சுருள்கள், அவற்றைச் சுற்றி இறக்கைகளோடு சேர்ந்து சுழலும் ஒரு கூடு, தாங்குவதற்கு இரண்டு பேரிங்குகள், துணைச் சுருளின் மின்னோட்டத்தைச் சற்றே முன்பின்னாக்கி விசிறியை ஒரு திசையில் கிளப்பிவிடும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர்: இவ்வளவே அதன் சரீரம். வியாதிகளும் ஏறக்குறைய அவ்வளவே. காற்று குறைந்தால் கண்டன்சர் தளர்ந்திருக்கும். கடகடத்தால் பேரிங் தேய்ந்திருக்கும். கருகிய நெடி வந்தால் காயில், அதாவது அந்தச் செம்புச் சுருள், போயிற்று என்று, படிப்பு வாசனை அதிகமில்லாத கிரகஸ்தரும் நிதானித்துவிடுவார்.

அப்படிப் போன காயிலைப் புதிதாகக் கட்டித் தருவதற்கென்றே சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் ஒரு கடை இருக்கும். வார்னிஷ் நெடி வாசலிலேயே வரவேற்க, உள்ளே ஒருவர் எரிந்த சுருளைப் பிரித்துச் சுற்றுக்களை எண்ணிக்கொண்டு, கம்பியின் பருமனைக் கண்ணாலேயே நிதானித்து, அதே பருமனுள்ள எனாமல் கம்பியைக் கைராட்டினத்தில் அத்தனை சுற்றுச் சுற்றி, தகடுகளின் இடுக்குகளில் மூங்கில் சீவலால் மெல்லத் தள்ளி உட்காரவைப்பதை நெடுநேரம் நின்று பார்க்கலாம். கருகிய செம்பும் வீணாவதில்லை. எடைபோட்டுக் கூலியில் கழித்துக்கொள்வதுண்டு. இந்த வித்தைக்குப் பட்டமளிக்கும் கலாசாலை இல்லையே என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

இப்போது வந்திருக்கும் பிஎல்டிசி விசிறியை, அதாவது பிரஷ் இல்லாத நேர்மின்சார மோட்டார் கொண்ட விசிறியை, நான் குறை கூறப்போவதில்லை. பழையது 75 வாட் குடிக்கும் இடத்தில் இது சுமார் 30 வாட்டோடு திருப்தியடைகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம் என்பது அலட்சியம் செய்யக்கூடிய லாபமன்று. ஆனால் அதன் சூட்சுமமெல்லாம் உள்ளங்கையளவு போர்டு ஒன்றில் அடங்கியிருக்கிறது. மின்னழுத்தம் ஒருமுறை தாறுமாறாக ஏறி இறங்கினால், அல்லது இடி சமீபத்தில் விழுந்தால், போர்டு போய்விடுகிறது. உத்தரவாதக் காலம் கடந்திருந்தால் பல சமயங்களில் வரும் பதில், அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. சுருளும் பேரிங்கும் காந்தமும் இன்னும் பல்லாண்டு உழைக்கும் நிலையிலிருக்க, விசிறி முழுவதும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

யந்திரம் நுட்பமாவது காலத்தின் போக்கு. அதன் வரைபடத்தையும் உதிரி பாகத்தையும் செய்தவர்கள் தங்களிடமே வைத்துக்கொள்வதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை யந்திரங்களின் முக்கிய உதிரி பாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் பழுதுபார்க்கும் உரிமையை ஆராய 2022 ஜூலையில் ஒரு குழுவை நியமித்தது.

குழுக்கள் ஆலோசிக்கட்டும், கடைத்தெரு அதற்காகக் காத்திருக்கவில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், பல கம்பெனி விசிறிகளுக்கும் பொருந்தும் பொதுப் போர்டு, தனி ரிமோட்டோடு விற்பனைக்கு வந்துவிட்டது. காயில் கட்டுகிறவர்கள் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, சுருளிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் இதில் இணைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். விசிறி தலைகீழாகச் சுற்றிக் காற்றை மேலே தள்ளினால், இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைக்கிறார்கள்.