லெயோன் நகரத்து இரவு வண்டில்

பேய்க்கதை கேளாத பிள்ளையும் இல்லை, சொல்லாத பாட்டியும் இல்லை. ஆயினும் ஊர்ப் பேய்கள் குடியிருக்கவென்று ஒரு சிறைச்சாலையையே ஒதுக்கிக் கொடுத்த நகரம் உலகில் அதிகம் இராது. மத்திய அமெரிக்காவிலே, நிக்கரகுவா நாட்டிலுள்ள லெயோன் அத்தகையதொரு நகரம்.

எரிமலைகள் வரிசையாக நிற்கும் வெப்பமான சமவெளியில் அது அமைந்திருக்கின்றது. ஓட்டுக்கூரை வீடுகள், நூல் பிடித்தாற்போன்ற நேரான தெருக்கள், நடுவிலே பிரமாண்டமான வெண்ணிறப் பேராலயம். பொழுதுபட்ட பின்னரே ஊரின் பழங்கதைகள் வெளியே வரும்.

அவற்றுள் முதன்மையானது 'கரெத்தநாகுவா' என்னும் பேய் வண்டில். நடுச்சாமம் கழிந்து ஊர் அடங்கிய வேளையில், மரச்சில்லுகள் கற்களில் மோதும் ஓசை எழும், நாய்கள் ஊளையிடும். விலா எலும்பு தெரியும் இரு மாடுகள் வண்டிலை இழுக்க, வெள்ளைத் துணி போர்த்த மரணமே தோளில் அரிவாளுடன் அதனைச் செலுத்தி வருமாம். யன்னலைத் திறந்து பார்த்தவன் காய்ச்சலில் விழுவான். மறுநாள் ஊரில் ஒரு சாவு நிகழும். விசித்திரம் யாதெனில், இவ்வண்டில் மூலைகளில் திரும்புவதில்லை. சந்தியை அடைந்ததும் ஓசை அற்றுப்போகும். பின்னர் அடுத்த தெருவிலே கேட்கும். சந்தி சிலுவை வடிவாதலின் அதனைக் கடக்க அஞ்சுகின்றது என்பர் சிலர்.

பெண்பித்தரை வழிமறிக்கும் 'செகுவா' என்ற பெண்பேயும் அங்குண்டு. அது மனைவியர் விரும்பிப் பரப்பிய கதை போலும்! வண்டிலின் கதையோ விளையாட்டன்று. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைக் கைப்பற்றியபோது, பல்லாயிரம் பழங்குடி மக்களைப் பிடித்துப் பனாமாவுக்கும் பெருவுக்கும் அடிமைகளாக ஏற்றினர். ஆட்களைப் பிடிக்க வந்தோரின் வண்டிலோசையே தலைமுறை கடந்து பேயாயிற்று என்று விளக்கம் கூறுவோர் பலர். அவ்வோசை கேட்ட இரவின் மறுநாள், உண்மையிலேயே ஒரு வீட்டில் ஆள் குறைந்திருக்கும் அல்லவா?

தலையற்ற பாதிரியாரின் கதைக்கும் இத்தகைய வேர் உண்டு. பழங்குடியினருக்காக வாதாடிய ஆயர் அந்தோனியோ தெ வல்டிவியெசோவை 1550இல் முன்னாள் ஆளுநரின் மகன் குத்திக் கொன்றான். அது பழைய லெயோனில் நடந்தது. எரிமலையடியிலிருந்த அந்நகரை விட்டு 1610இல் மக்கள் இன்றைய இடத்துக்குப் பெயர்ந்தனர். தலையிழந்து அலையும் பாதிரியார் அவரே என்கிறது ஊர் வழக்கு.

இனிச் சிறைச்சாலைக்கு வருவோம். 1921இல் கட்டப்பட்டதாதலின் அதற்கு 'இருபத்தொன்று' என்றே பெயர். சொமோசா குடும்பத்தின் ஆட்சியில் தேசியக் காவற்படை அங்கே கைதிகளை வதைத்தது. 1979இல் புரட்சியாளர் அதனைக் கைப்பற்றினர். பின்னாளில் அக்கட்டிடமே பழங்கதைகளின் அருங்காட்சியகமாயிற்று. காகிதக்கூழால் செய்த ஆளுயரப் பேய்கள் அறைகளில் நிற்கின்றன. அவற்றின் அருகே, சுவர்களிலே, கைதிகள் பட்ட வதைகள் சித்திரங்களாகத் தீட்டப்பட்டுள்ளன.

பிள்ளைகள் பேய்களைக் காணவே அங்கு செல்வர். வண்டிலோட்டியைக் கண்டு அலறுவர், பிறகு சிரிப்பர். சுவர்ச் சித்திரத்தைக் காட்டி, "இது என்ன கதை?" என்று அவர்கள் வினவும்போதுதான் பெற்றோருக்குச் சொல் தடுமாறும்.