லோனார் ஏரியில் ஒரு நாள்

காவேரிப்பட்டினம் என்றதும் உங்களுக்குப் பூம்புகார் ஞாபகம் வந்தால் அது உங்கள் குற்றமல்ல. நான் சொல்வது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் காவேரிப்பட்டினம். இங்கே காவேரியும் கிடையாது, கடலும் கிடையாது. ஆனால் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊர் ஓரமாகவே போகிறது. வாசலில் இப்படியொரு ராஜபாட்டை இருந்தால், மனிதருக்கு யாத்திரை ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசை வந்தது நாலு பெண்களுக்கு. பாங்கில் உத்தியோகம் பார்க்கும் என் சிநேகிதி, மாந்தோப்புக்குச் சொந்தக்காரியான அவளுடைய அண்ணி, அந்த இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கும் டீச்சர், நாலாவதாக நான். 'தக்காணத்து எரிமலைப் பாறை' என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவர் டீச்சர். அந்தப் பாறையை ஒரு தடவையாவது காலால் மிதித்ததில்லை. அடுத்த மாதம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். அதற்கு முன்னால் லோனார் ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"படத்திலே பார்த்தால் போதாதாம்மா?" என்றார் அவர் பிள்ளை.

"படத்திலே சாப்பாட்டைப் பார்த்தா உனக்குப் பசி தீருதா?" என்றார் டீச்சர். அத்துடன் வழக்கு முடிந்தது.

கடைத்தெருவில் வாங்கிய நிப்பட்டு, ஒரு தூக்கு புளியோதரை, டீச்சரின் கைத்தடி, இவற்றுடன் விடியற்காலையில் கார் புறப்பட்டது. ஓட்டியவள் சிநேகிதி. ஓசூரின் தொழிற்சாலைகள், பெங்களூரின் நெரிசல், அனந்தப்பூர், கர்நூல் எல்லாம் கடந்து ஹைதராபாத் சேர்ந்தபோது ராத்திரி. மறுநாள் நாந்தேடு வழியாக மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கத்து உருண்டைப் பாறைகள் எப்போதோ மறைந்து போய், கன்னங்கரேலென்ற பருத்தி மண் இரு பக்கமும் விரிந்தது.

"நம்ம ஊர்ப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயசு. இந்தக் கறுப்புப் பாறைக்கு 6.6 கோடிதான். அது கொள்ளுப் பாட்டி; இது கைக்குழந்தை" என்றார் டீச்சர். பூமி வெடித்து நெருப்புக் குழம்பு அலை அலையாகப் பரவி உறைந்ததுதான் இந்தத் தக்காணப் பாறை. அது இன்றும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கொண்டிருக்கிறது.

புல்டாணா மாவட்டத்தில் இருக்கிறது லோனார். மறுநாள் காலை ஊர் எல்லைக்கு வந்து எட்டிப் பார்த்தோம். அப்பப்பா! சமதரையில் யாரோ ராட்சதன் ஒரு கிண்ணத்தைப் பதித்து வைத்தாற்போலப் பள்ளம். வாயகலம் சுமார் 1.8 கிலோமீட்டர்; ஆழம் 130 மீட்டருக்கு மேல். சரிவெல்லாம் காடு, அடியிலே பச்சை நிறத்தில் தண்ணீர்.

எரிமலைப் பாறையில் இப்படி ஒரு வட்டப் பள்ளம் இருந்தால் அது எரிமலையின் வாய் என்றுதானே எவருக்கும் தோன்றும்? 1823-ல் அலெக்ஸாந்தர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைக் குறித்து வைத்த பிறகு வெகு காலம் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். 1973-ல் அமெரிக்க, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து தோண்டி ஆராய்ந்து விஷயத்தை வெளியிட்டார்கள். பேரதிர்ச்சியால் மட்டுமே உண்டாகும் ஒரு வகைக் கண்ணாடி இங்கே பாறைக்குள் இருந்தது. எரிமலை அதை உண்டாக்காது. ஆகாயத்திலிருந்து விழுந்த விண்கல்தான் இந்தப் பள்ளத்தைப் பறித்தது என்று ஊர்ஜிதமாயிற்று. அது விழுந்து சுமார் 5.7 லட்சம் வருஷம் ஆகிறது என்பது பிற்பாடு செய்த கணக்கு. சந்திரனிலும் பல இடங்களில் தரை இதே ஜாதிப் பாறைதான். ஆகவே சந்திரனின் பள்ளங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் லோனாரைத் தேடி வருகிறார்கள்.

ஊர்ப் புராணம் வேறு மாதிரி. இங்கே பாதாளத்தில் ஒளிந்திருந்த லவணாசுரனை மகாவிஷ்ணு வதம் செய்தாராம். அதற்குச் சாட்சியாக ஊருக்குள் தைத்திய சூதனர் கோயில் இருக்கிறது. லவணம் என்றால் உப்பு. ஏரித் தண்ணீர் உப்பு, அத்துடன் காரம்.

இறங்குவதா, வேண்டாமா என்ற கேள்வி வந்தது. பசுவின் முகத்திலிருந்து ஊற்று நீர் விழும் தாரா கோயிலுக்குப் பக்கத்திலிருந்து பாதை கீழே போகிறது. "நீங்க மேலேயே உட்காருங்க டீச்சர்" என்றாள் அண்ணி. டீச்சர் பதில் சொல்லாமல் கைத்தடியை ஊன்றி முதல் படியில் காலை வைத்துவிட்டார். பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். முகம் வேர்த்துக் கொட்டிற்று. அரை மணியில் இறங்க வேண்டிய வழிக்கு எங்களுக்கு ஒன்றே கால் மணி ஆயிற்று. ஆனால் கரைக்கு முதலில் போய் நின்றவர் அவர்தான்.

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். சமையல் மஞ்சள் தூள்! உள்ளங்கையில் கொஞ்சம் குழைத்து, ஏரித் தண்ணீரை நாலு சொட்டு விட்டார். மஞ்சள் சட்டென்று சிவந்தது. சுண்ணாம்பு சேர்த்த ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா? மஞ்சள் கறை பட்ட புடவைக்குச் சோப்புப் போட்டால் சிவக்கிறதல்லவா? அதே சமாசாரந்தான். காரம் மிகுந்த இந்தத் தண்ணீரில் மீன் வாழாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி கோடியாய் வாழ்கின்றன. 2020 ஜூனில் ஏரி முழுவதும் இளஞ்சிவப்பாக மாறி ஊரே அதிசயப்பட்டதே, அதுவும் உப்பில் வாழும் ஒரு நுண்ணுயிரின் வேலை என்று புனே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்த வருஷமே ராம்சார் சதுப்பு நிலப் பட்டியலிலும் லோனார் இடம் பெற்றது.

"நல்ல தண்ணி அதிகமா வந்து சேர்ந்தாக்கூட இந்த ஏரிக்கு ஆபத்துதான்" என்றார் டீச்சர். உண்மைதான். உப்பும் காரமும் நீர்த்துப் போனால், அதை நம்பிய உயிர்களும் போய்விடும். ஊர்க் கழிவு நீரும் சரிவில் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். நாங்கள் ஒரு காகிதத் துண்டைக்கூட அங்கே விடாமல் பொறுக்கிக்கொண்டு ஏறினோம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தொந்தரவு குறைவு. வழுக்காத செருப்பும், கைவசம் நிறையக் குடிநீரும் அவசியம். மேலே வந்ததும் சுடச்சுடச் சோள பாக்ரியும் கடலை மாவு ஜுண்காவும் கிடைத்தால் விடாதீர்கள். முக்கியமாக, ஒரு சிட்டிகை மஞ்சள் கொண்டு போங்கள். அது சிவக்கிற வரைக்கும் ஏரி சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.