நீலத்தாளும் எங்கள் தீவின் காற்றும்

பள்ளிப் பருவத்தில் நான் எழுதிய பொய்களுள் ஒன்றுக்கு ஆசிரியர் சிவப்பு மையால் சரி போட்டுப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றியதே இக்கட்டுரை. பொய்க்குக் காரணமானது கோபால்ட்டுக் குளோரைடு என்னும் உப்பு. உப்பின்மீது மட்டும் பழி போடுவதும் முறையன்று.

அந்தமானின் தலைநகர் என் ஊர். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் போர்ட் பிளேர்தான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. சாடியில் உப்பு கசியும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆகஸ்டு மாதத்தில்தான் பதினோராம் வகுப்பில் எங்களுக்கு அந்தச் சோதனை வந்தது.

சோதனை எளிது. வடிதாளைக் கோபால்ட்டுக் குளோரைடுக் கரைசலில் நனைத்து உலர்த்தினால் நீலமாகும். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நீலத்தாள் துண்டுகளை ஓர் இலையின் இருபுறமும் வைத்துக் கண்ணாடிச் சில்லுகளால் அழுத்திக் கட்ட வேண்டும். பெரும்பாலான மரங்களின் இலைகளில் துளைகள் கீழ்ப்புறத்திலேயே மிகுதி. அவ்வழியே நீராவி வெளியேறுவதால் கீழ்த்தாள் முதலில் சிவக்கும். எர்ன்ஸ்ட் ஸ்டால் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் 1894-இல் வெளியிட்ட முறை இது.

நாங்கள் செய்தபோது நடந்தது வேறு. அடுப்பின் மேல் நீலமாக இருந்த தாள், இலையிடம் வந்து சேருமுன்னரே நிறம் மாறிவிட்டது. மறுபடி உலர்த்தினோம், மறுபடி மாறியது. தாள்களை உலர்வாக வைத்திருக்க வேண்டிய கால்சியம் குளோரைடு, தானே காற்றின் நீரைக் குடித்துப் புட்டியின் அடியில் குழம்பாகக் கிடந்தது. மணி அடிக்கும் நேரம். ஆசிரியர், "தம்பி, என்ன வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதல்லவா?" என்றார். அவர் வேறு எதையோ நினைத்துக் கேட்டிருக்கலாம். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். "கீழ்ப்புறத்தாள் சிவந்தது, மேற்புறத்தாள் நீலமாகவே இருந்தது" என்று அழகிய கையெழுத்தில் எழுதினேன். வகுப்பில் எல்லோரும் அப்படியே எழுதினார்கள்.

பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்க வந்த பிறகு அதே உப்பை மறுபடி சந்தித்தேன். பழைய உப்புத்தான் இது. 1737-இல் ழான் எல்லோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை மறைமை என்று விவரித்தார். எழுதியது கண்ணுக்குத் தெரியாது, அனலில் காட்டினால் தோன்றும், ஆறினால் மறையும். எங்கள் தீவில் அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கவே நேரம் இருந்திராது!

நீரேறிய உப்பில் ஒரு கோபால்ட் அணுவுக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் உண்டு. நிறுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 45 பங்கு நீர்தான். ஆனால் அந்த ஆறில் நான்கே கோபால்ட்டைத் தொட்டு நிற்கின்றன. எதிரெதிராக இரண்டு குளோரைடுகள் நிற்க, மீதி இரண்டு நீரும் படிகத்தின் இடைவெளியில் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. சூடேற்றினால் நீர் வெளியேறுகிறது. பக்கத்து அணுக்களின் குளோரைடுகளே அவ்விடத்தை நிரப்ப, ஒவ்வொரு கோபால்ட்டையும் ஆறு குளோரைடுகள் சூழ்கின்றன. உலோகத்தின் எலெக்ட்ரான்கள்மீது நீரைக்காட்டிலும் குளோரைடுக்குப் பிடி தளர்வு. ஆகவே உப்பு விழுங்கும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. நம் கண்ணுக்கு நீலம் மிஞ்சுகிறது. அடர்ந்த ஹைடிரோகுளோரிக் அமிலம் ஊற்றிய கரைசலின் கருநீலம் வேறு கதை; அங்கே நான்கே குளோரைடுகள் நான்முகியின் மூலைகளில் நிற்கும். சில பாடநூல்கள் இரண்டையும் ஒன்றாக்கி, நீலம் என்றாலே நான்முகி என்று எழுதிவிடுகின்றன. நீரற்ற திண்ம உப்புக்கு அது பொருந்தாது. பிறர் பிழையைக் கண்டுபிடித்து மகிழ்ந்த அன்றுதான் என் குறிப்பேடு நினைவுக்கு வந்து உறுத்தியது.

சென்ற பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது, இங்கேயே செய்த தாள்களை இறுக மூடிய புட்டியில் எடுத்துச் சென்றேன். எங்கள் ஊரில் ஓரளவு காற்று உலரும் மாதம் அது. தாள்களைச் சூடாக்க அம்மாவிடம் பழைய தோசைக்கல்லைக் கேட்டேன். "சாப்பாட்டுப் பாத்திரத்தில் மருந்தா? போடா!" என்றாள். அம்மா சொன்னதே சரி. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்த உப்பு இது. தகர மூடி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.

பலா இலையின் இருபுறமும் தாள் வைத்து, சில்லுகளின் ஓரமெல்லாம் வாசலீன் பூசினேன். இலையே இல்லாமல் வெறும் சில்லுகளுக்கிடையில் இன்னொரு தாளையும் வைத்தேன். பள்ளியில் நாங்கள் செய்யாதது இது. கீழ்த்தாள் 7 நிமிடத்தில் சிவந்தது. மேல்தாள் நீலமாகவே இருக்கவில்லை; 31 நிமிடத்தில் அதுவும் வெளிறிச் சிவந்தது. வெறும் தாளுக்கு 34 நிமிடம். அப்படியானால் மேல்தாளைச் சிவக்க வைத்தது பெரும்பாலும் இலையன்று. வாசலீனையும் மீறி நுழைந்த எங்கள் காற்று.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். மூன்று எண்களையும் நெடுநேரம் பார்த்தார். "வெறும் தாளை வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லையே, தம்பி" என்றார். பிறகு, புட்டியில் இன்னும் எத்தனை தாள் மிச்சம் என்று கேட்டார். பதினான்கு இருந்தன. புட்டியோடு கொடுத்துவிட்டேன். பழைய வரியை அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், இருக்கட்டும், கீழே எழுது" என்றார். எழுதினேன். ஒன்பது மதிப்பெண்ணை மட்டும் அவர் திருத்தவில்லை.