காமன் பொட்டலும் போட்டோக்காரரும்

ஊவா மாகாணத்துத் தேயிலை மலைகளைப் படத்தில் கண்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்; அம்மலைகளிலே பிறந்து, உழைத்து, அங்கேயே மண்ணாகிப் போகிற மனிதரில் ஒருவரையேனும் இன்னார் என்று பெயரோடு படத்தில் கண்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கித் தம் பெயரில் தேயிலை விற்கத் தொடங்கிய காலம் முதலாக, கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் அச்சாகி வந்திருக்கிறது. அவள் யார், எந்த லயத்து வரிசை வீட்டவள், அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று அச்சிட்டவர்களும் கேட்கவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. இந்த நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான், மாசி மாதத்தில், பதுளை நகரத்தில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்தும் போட்டோக்காரர் ஒருவரோடு, நமுனுகுலை மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்துக்குக் காமன் கூத்துக்காகப் போனேன். கூத்தைக் காணும் ஆவலைவிட, கூத்தின் நடுவே அவர் ஜனங்களைப் படம் எடுக்கும் விதத்தைக் காணும் ஆவலே எனக்கு மிகுந்திருந்தது.

சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபோனதையும், ரதி அழுது புலம்பி அவனை மீட்டதையும் சொல்லும் புராணக் கதையைக் காமன் கூத்தாகக் காப்பித் தோட்ட காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்தார்கள். காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்த பின்னும் அந்தக் கூத்து அழியவில்லை. மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டியது முதல் இரவுதோறும் தப்பு முழங்க, பௌர்ணமியை ஒட்டிய இரவிலே காமதகனத்தில் அது உச்சம் பெறுகிறது. இதற்கு மேடை கிடையாது, திரை கிடையாது. காமன் பொட்டல் என்று ஒதுக்கிய வெளியில் தொடங்கி, லயம் லயமாகச் சுற்றிவந்து, மீண்டும் பொட்டலிலே முடிகிற இந்தக் கூத்தில் ஆடுகிறவர் யார், பார்க்கிறவர் யார் என்று கோடு கிழிக்க இயலாது. ஆகவே, நடமாடும் மனிதரையும் அவர் முகத்தில் தோன்றி மறையும் பாவங்களையும் படமாக்கும் கலைக்கு இதனினும் தக்க களம் இத்தீவில் வேறு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பொட்டலின் ஓரத்தில் வைக்கோலையும் காய்ந்த தேயிலை மிலாறையும் கொளுத்தி, தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் நண்பர் பையைத் திறந்தார். காமிரா வெளியே வருமென்று எதிர்பார்த்தேன், வந்தது பழுப்பு உறைகளின் கட்டு. சென்ற மாசியில் எடுத்த படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதில் உள்ளவரின் பெயரும் லயத்தின் எண்ணும் பேனாவால் எழுதி, வீட்டுக்கு ஓர் உறையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னா தம்பி, போன வருசம் தப்புக் காய்ச்சையில ஒண்ணு புடிச்சியே, அது வந்திருச்சா?" என்று ஒரு முதியவர் நெருப்பருகிலிருந்தே கேட்டார்.

"வந்திருக்கு தாத்தா. இந்தாங்க."

முதியவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்தை விளிம்பிலே இரண்டு விரல்களால் பிடித்து, நெருப்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தப்பின் தோலைக் காதருகே வைத்து விரலால் சுண்டி, சூடு ஏறிவிட்டதா என்று சுருதி கேட்கும் கணம் அந்தப் படத்தில் இருந்தது. கண்கள் மூடியிருக்க, உதடு சற்றே திறந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த வாலிபனிடம் காட்டி, அவன் பார்த்த பின் திரும்பப் பெற்று, உறையோடு சட்டைக்குள் செருகிக்கொண்டு, மறுபடியும் தப்பைத் தீயின்மேல் திருப்பினார். உறைகளெல்லாம் கொடுத்து முடிந்த பிறகே என் நண்பர் காமிராவை வெளியே எடுத்தார். இவ்வருஷம் எடுப்பதற்கு உரிமை, சென்ற வருஷத்துப் படத்தைக் கொடுப்பதனால்தான் கிடைக்கிறது என்பது அவர் கொள்கை; அவர் அதை எனக்குச் சொன்னதில்லை, அவர் செய்கையே சொல்லிற்று.

அவருடைய கருவிகளில் ஆடம்பரம் இல்லை. முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, உபரியாக இரண்டு பட்டரி, லென்ஸைத் துடைக்க ஒரு பழைய வெள்ளைத் துணி. தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட லென்ஸ் அவரிடம் உண்டு, ஆனால் தோட்டத்துக்கு அதைக் கொண்டுவருவதில்லை. முகம் வேண்டுமானால் முகத்தருகே போகவேண்டும், போகையில் அந்த மனிதர் நம்மைக் காண்பார், கண்ட பின்னும் அவர் விலகாதிருந்தால் அதுவே சம்மதம் என்பார். பிளாஷ் வெளிச்சத்தை அறவே தவிர்க்கிறார். அருள் வந்து ஆடுகிறவர் கண்ணில் அந்த மின்னல் பாய்வது அபசாரம் என்பது ஒரு காரணம். தீயும் புகையும் நிலவும் சேர்ந்து உண்டாக்குகிற நிறத்தை அது வெளுக்கச் செய்துவிடும் என்பது மற்றொன்று. அதற்குப் பதிலாக ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, படத்தில் புள்ளி விழுந்தாலும் விழட்டும் என்று விட்டுவிடுகிறார். முன்பு பெற்றோமாக்ஸ் விளக்கின் சீரான ஒளி இருந்த இடத்தில் இப்போது கட்டியிருக்கும் எல்.இ.டி. விளக்குகள்தாம் அவருக்குப் பெருந்தொல்லை. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் துடிப்பு, ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் பட்டை பட்டையாக விழுந்துவிடுகிறது.

நள்ளிரவுக்குப் பின், மாலை சூடிய ரதியும் மன்மதனும் லயங்களைச் சுற்றப் புறப்பட்டார்கள். ரதி வேடம் கட்டியவர் பகலிலே கவ்வாத்து மலையில் கத்தி பிடிக்கிற இளைஞர். காப்புக் கட்டிய நாள் முதல் விரதம் இருக்கிறார் என்று சொன்னார்கள். என் நண்பர் ஊர்வலத்துக்கு முன்னே ஓடவில்லை, பின்னேயும் நடக்கவில்லை. குறுக்கு வழியே ஏறி, மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போய், வாசலைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "அக்கா, இஸ்தோப்புல ஓரமா நிக்கட்டா?" என்று கேட்டார்.

"நில்லு தம்பி. செருப்ப மட்டும் வெளிய கழட்டிரு."

அந்த இஸ்தோப்புத் திண்ணையின் மூலையில், விறகுக் கட்டுக்கும் சுவருக்கும் இடையே, அவர் நெடுநேரம் அசையாமல் நின்றார். தப்பு நெருங்கிற்று, ரதியும் மன்மதனும் வாசலுக்கு வந்தார்கள். அந்தப் பெண் சொம்புத் தண்ணீரால் அவர்கள் பாதங்களைக் கழுவி, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டினாள். அண்டை லயத்தில் அவள் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளைதான் ரதியாக நிற்கிறான்; நேற்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவனோடு சத்தம் போட்டுப் பேசியவளும் அவளே. ஆயினும் கற்பூரம் எரிகிற அந்தச் சிறுபொழுதில் அவள் முகத்தில் தோன்றிய பக்தியும், அதனுள்ளே கலந்திருந்த வாத்சல்யமும், தாய் மகளைக் கணவன் வீட்டுக்கு அனுப்புகையில் காண்கிற அதே கலக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஷட்டர் ஒருமுறை மட்டும் ஒலித்தது. பின்னர் பார்க்கக் கொடுத்தார்: ரதியின் அரிதாரம் பூசிய கன்னம் ஒரு புறம் மங்கலாக நிற்க, படத்தின் ஜீவன் முழுவதும் கொழுந்துக் கறை படிந்த அவள் விரல்கள் தட்டை ஏந்தியிருந்த விதத்திலும் அவள் கண்களிலும் தங்கியிருந்தது. வெளியே தெருவில் நின்றிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது அவளுடைய முதுகு.

தெருப் படக்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள், மனிதன் அறியாமல் எடுத்த படமே உண்மையானது, அறிந்து நின்ற படம் பொய்யானது என்று ஒரு சித்தாந்தம் சொல்வார்கள். பிரான்ஸ் தேசத்து ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட நூலுக்குப் பின் அந்தச் சித்தாந்தம் வேதம்போல் ஆகிவிட்டது. ரமண மகரிஷியின் இறுதி நாட்களில், 1950ஆம் ஆண்டு ஏப்ரலில், திருவண்ணாமலையிலே இருந்து படம் எடுத்த அந்த மகா கலைஞரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சித்தாந்தத்தைத் தோட்டத்துக்குள் அப்படியே கொண்டுவர என் மனம் ஒப்பவில்லை. பதுளைக்குப் போகும் ரயிலின் கதவில் தொங்கிக்கொண்டு பிரயாணிகள் எடுக்கிற படங்களெல்லாம் எடுபடுகிறவர் அறியாதவையே. எல்லவிலும் லிப்டன் ஆசனத்துக்குப் போகும் பாதையிலும் அவ்விதமே நாள்தோறும் எடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஜனங்கள் கேளாமலே எடுக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் திருவிழா நாளில் தலை வாரி, புதுச்சேலை உடுத்தி, பிள்ளையை முன்னே நிறுத்தி, காமிராவை நேருக்கு நேர் நோக்கி விறைப்பாக நிற்கும்போது, அந்த நிலையில் ஒரு கௌரவம் இருக்கிறது. தாம் எப்படிக் காணப்படவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கிற மனிதனுடைய கௌரவம் அது. என் நண்பர் இரண்டு வகையும் எடுக்கிறார். கேட்டு நிற்பவர் எவரையும் அவர் அன்றிரவு மறுத்ததை நான் காணவில்லை.

இந்தத் தீவின் புகைப்பட வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின் போன்ற பெரியோரின் முகங்களைப் படமாக்கிப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் மாது, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் இறக்கும் வரை இங்கே வாழ்ந்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவவேண்டிய அந்தக் கடினமான முறையில், களுத்துறையில் இருந்தபோது சுற்றுப்புறத்து எளிய ஜனங்களை அவர் படம் எடுத்தார். அவற்றில் சிலவே எஞ்சியுள்ளன. 1878இல் எடுத்த ஒரு படத்தில் மூவர் நிற்கிறார்கள். டென்னிசனுக்குக் கொடுத்த அதே சிரத்தையை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தவர் உணர்வர். ஆனால் கவியின் படத்துக்குக் கவியின் பெயர் இருக்கிறது. இந்தப் படத்துக்குக் களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதே பெயர். ஸ்கீன், ஸ்கோவன் முதலிய வர்த்தக ஸ்டூடியோக்கள் அதே காலத்தில் தோட்டக் காட்சிகளைப் பிரயாணிகளுக்கு விற்றன. அவற்றில் அந்தச் சிரத்தையும் குறைவு.

பெயரோடு படம் வந்த காலமும் ஒன்று உண்டு; அது துயரமான காலம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து ஜனங்கள் நாடற்றவர்களாகி, 1964 அக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் செய்த ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டபோது, மனுவுக்கும் கடவுச்சீட்டுக்கும் முகம் தேவைப்பட்டது. அன்றிரவு நான் தேத்தண்ணி குடித்த ஒரு காம்பராவின் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அத்தகைய படம் ஒன்று தொங்கிற்று: ஐந்து பேர், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. வீட்டுக்கார அம்மாளின் அக்காள் குடும்பம். மலைநாட்டு ஸ்டேஷன்களில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுததனால் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் பெற்ற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்கள்; இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்களாம்.

படம் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை ஊவா மண் வேறொரு விதத்திலும் காட்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மனிதரோடு அவர்களுடைய பத்திரங்களும் படங்களும் மண்ணுக்குள் போயின. அதற்குப் பின்னர் என் நண்பர், எடுத்த எந்தப் படத்தையும் அழிப்பதில்லை. தோட்டவாரியாக, வருஷவாரியாகப் பிரித்து, இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்தி வைக்கிறார். இதற்கு எவரும் அவருக்குப் பணம் கொடுப்பதில்லை. கலியாணமும் பூப்புனித நீராட்டும் அடையாள அட்டைப் படமும்தான் அவர் பிழைப்பு.

இளைஞர்கள் கைத்தொலைபேசியால் கூத்து முழுவதையும் எடுத்து அப்போதைக்கப்போதே வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புகிறார்கள். அது நல்லதே, எடுப்பவனும் எடுபடுகிறவனும் ஒரே லயத்தார் என்பது இதற்கு முன்னில்லாத சம்பத்து. அவர்களில் இருவருக்கு என் நண்பர் ஒளியின் எதிரே நிற்பது எப்படி, மூச்சை அடக்கிக் கையை ஊன்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விடியுமுன் தகனம் நடந்தது. தீ எழுந்ததும், ரதி வேடக்காரர் தரையில் விழுந்து புலம்பியதும், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உண்மையாகவே அழுததும் எழுத்தில் அடங்கா. வெளியூரிலிருந்து வந்திருந்த படக்கலைஞர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டு அப்போதே புறப்பட்டுவிட்டார்கள். அது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். எரிந்த மன்மதனை மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கிற சடங்கு இந்தத் தோட்டத்தில் வேலை முடிந்த மாலையில் நடக்கிறது. அன்று கூட்டம் குறைவு, தீயும் இல்லை, வேடமும் இல்லை. ஆனால் பல இரவு தூங்காத முகங்களில், ஒரு கடமையை முடித்தவர்களுடைய சாந்தம் இருக்கிறது. அதை எடுக்க என் நண்பர் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் பஸ் ஏறி வந்தார்.

அரிதாரம் கழுவி, சட்டை போட்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கோயில் முன்னே நின்ற ரதிக்காரரை எடுத்து முடித்ததும், கோத்தகிரி அக்காளை உடைய அம்மாள் வந்தார். கூத்துப் படங்களில் தம் காம்பராவின் வாசல் விழுந்திருக்கும் நல்ல படம் ஒன்று வேண்டுமென்றார். போனில் அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னேன்.

"போன்ல வந்திச்சு ஐயா. அக்கா அத சொவத்துல மாட்டணுங்கிது. காகிதத்துல வேணுமாம்."

"எத்தன அம்மா?" என்று கேட்டு, நண்பர் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"பெரிசு ஒண்ணு. சின்னது மூணு. பின்னால எல்லாரு பேரும் எழுதிருங்க, அங்க பொறந்த புள்ளைகளுக்கு யாரு யாருன்னு தெரியாது."

அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டார்.