வெளுத்த முகம்

மாணவனின் அறிவை அளக்கப் பரீட்சைகள் பல உள. அவன் இரத்தத்தை அளக்க நாம் எண்ணுவது அரிது. வகுப்பில் உறங்கி விழுபவனையும், மைதானத்தை ஒருமுறை சுற்றுமுன் இளைத்து நிற்பவனையும் ‘சோம்பேறி’ என்று ஒரே சொல்லால் தீர்த்துவிடுகின்றோம். அவனது கீழிமையைச் சற்றே தாழ்த்தி உட்புறத்தை நோக்கின், சிலவேளை அச்சொல் பிழையென்பது விளங்கும். நம்மவரின் கருநிறத் தோல் வெளுப்பை மறைத்துவிடும். இமையின் உட்புறமும் நாவும் அதனை எளிதிற் காட்டிக்கொடுக்கும்.

நம் வைத்தியர் பாண்டு என வழங்கிய இந்நிலையையே இன்று இரத்தச்சோகை என்கின்றோம். 12 முதல் 14 வயது வரையுள்ளோரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 12 கிராமிற்குக் குறைந்தால் அது சோகையெனக் கொள்ளப்படும். 15 வயதிற்கு மேற்பட்ட ஆண்களுக்கு இவ்வெல்லை 13 கிராம்.

முதியோர் இதனைக் கேட்டதும் மலேரியாவை நினைப்பர். 2016ஆம் ஆண்டில் இலங்கை அந்நோயினின்றும் விடுபட்ட நாடென அறிவிக்கப்பட்டது. எனினும் வெளுப்பு நம்மை விட்டகலவில்லை.

வளரிளம் பருவத்தில் உடல் விரைந்து வளர்வதால் இரும்புச்சத்து மிகுதியாக வேண்டப்படும். பெண்பிள்ளைகளோ மாதந்தோறும் இரத்தத்தையும் இழக்கின்றனர். காலையுணவைக் கைவிடுதலும், உணவோடு தேநீர் அருந்துதலும் இக்குறையை வளர்க்கும்; தேயிலையிலுள்ள துவர்ப்புப்பொருள் இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கும். மரக்கறியுணவினர் கீரையும் பயறும் உண்ணும்போது தேசிக்காய்ப்புளி சேர்த்தால் இரும்பு நன்கு உட்கொள்ளப்படும். பாலும் தயிரும் அவர்க்கு விற்றமின் பீ 12 தரும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொளுக்கிப்புழு, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சும்.

இவை எல்லாவற்றிற்கும் இரும்புக் குளிசை ஒன்றே மருந்தென எண்ணுதல் தவறு. தலசீமியா பரம்பரையாக வருவது. இரும்பு அதனைத் தீர்க்காது. வெளுப்போடு நீடித்த காய்ச்சலோ, காரணமின்றித் தோன்றும் கண்டற்காயங்களோ, முரசிலிருந்து இரத்தக்கசிவோ காணப்படின் ஒருநாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

விழாக்காலங்களிற் கல்லூரிக்கு மண்டபமும் விளையாட்டரங்கும் அமைக்கப் பொருள் திரட்டுகின்றோம், நன்று. பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். ஆண்டிற்கொருநாள் அவர்கள் கல்லூரிக்கு வந்து மாணவரின் இரத்தத்தைச் சோதிப்பாராயின், அது எம்மண்டபத்திற்கும் குறைந்த கொடையன்று. அதுவரை, சோர்ந்திருக்கும் மாணவனைக் கடிந்துகொள்ளுமுன் காலையில் என்ன உண்டான் என வினவுவோமாக.